உரசும் இடம்

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்ததும் என் போன் அடிக்கத் தொடங்கிவிடும். சைதாப்பேட்டை, மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பேச்சு ஒன்றுதான். "கதவு சாத்த மாட்டேங்குது ஆசாரி. ஒரு நடை வந்து மேல கொஞ்சம் இழைச்சு விட்டுட்டுப் போங்க." நோயையும் மருந்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நான் போவேன். ஆனால் எடுத்த எடுப்பில் பையிலிருந்து இழைப்புளியை வெளியே எடுக்க மாட்டேன். கதவைப் பத்துத் தடவை மெதுவாகத் திறந்து மூடுவேன். எந்த இடத்தில் கத்துகிறது, எந்த இடத்தில் கனக்கிறது, கையை விட்டால் தானாக எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பேன்.

என் அப்பா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தச்சு வேலை செய்தவர். கீல் இல்லாமல் குடுமியில் சுழலும் பழைய இரட்டைக் கதவுகளைப் பழுது பார்ப்பதில் அவருக்குப் பெயர் உண்டு. 1986-இல் நான் சென்னைக்குப் பஸ் ஏறும்போது தன் மூலைமட்டத்தையும் இரண்டு உளிகளையும் கொடுத்துச் சொன்னது இது: "உரசுற இடத்துல கோளாறு இருக்காதுடா. கோளாறு வேற எங்கயோ உக்காந்திருக்கும், இங்க வந்து கத்தும்." அந்த வயதில் அதைக் காதில் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

ஒரு சாதாரண வீட்டுக் கதவை எடுத்துக்கொள்வோம். தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலை நிலையில் இடிக்கிறது. பெயின்ட் உரிந்து மரம் தெரிகிறது. பார்க்கிறவர் கண் அந்த மூலையிலேயே நிற்கும். நான் எதிர்ப்பக்கம் போய் மேல் கீலைப் பார்ப்பேன். தேக்குக் கதவு என்றால் நாற்பது ஐம்பது கிலோ இருக்கும். அந்தக் கனம் முழுவதும் மேல் கீலைத்தான் வெளியே இழுக்கிறது. குழந்தைகள் கைப்பிடியில் தொங்குவார்கள், கதவுக்குப் பின்னால் நாலு ஈரத் துண்டும் ஒரு பள்ளிக்கூடப் பையும் மாட்டியிருக்கும். நாளடைவில் மேல் கீலின் திருகுகள் துளைக்குள் ஆட்டம் காணும். கீல் ஒரு நூல் வெளியே வந்தாலே, எதிர் மூலை நிலைப் பக்கம் சாய்ந்து இறங்கிவிடும். எங்கள் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. கதவு ஊதவே இல்லை, தொங்கிப்போயிருக்கிறது. அந்தக் கதவை இழைத்தால் ஆறு மாதத்தில் இன்னும் தொங்கும், இன்னும் இழைக்க வேண்டி வரும்.

இதற்கு வைத்தியம் சின்னது. கதவை அது திறந்து நிற்கும் நிலையிலேயே அடியில் இரண்டு ஆப்பு கொடுத்துத் தாங்கலாக நிறுத்துவேன். அதைச் செய்யாமல் திருகைக் கழற்றினால் மிச்சமுள்ள கீல்கள் பிய்ந்துகொள்ளும். மேல் கீலின் திருகுகளைக் கழற்றினால் துளையிலிருந்து மரத்தூள் கொட்டும். மூங்கிலைக் குச்சி குச்சியாகப் பிளந்து, ஃபெவிகாலில் தோய்த்து, துளை இறுகும்வரை அடித்து இறக்குவேன். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் சீவிவிட்டு அன்றைக்கு அப்படியே விட்டுவிடுவேன். மறுநாள் மெல்லிய துளை போட்டு, திருகில் சோப்பைத் தடவி ஏற்றினால் கிறீச்சென்று சத்தமில்லாமல் போய் உட்காரும். நாலு திருகில் ஒன்றையாவது இரண்டு அங்குல நீளத்தில் போடுவேன், அது நிலையின் வைரத்தைப் போய்ப் பிடிக்க வேண்டும். சாமான் செலவு முப்பது நாற்பது ரூபாய்க்கு மேல் போகாது. வீட்டுக்காரர் கதவைத் திறந்து மூடிவிட்டு, "இழைக்கவே இல்லையே?" என்பார். இழைத்து எடுத்த மரத்தை யாராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அதனால்தான் அது கடைசி வேலை.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை மீறி வந்தபோது நான் இருந்த தெருவிலும் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு ஒவ்வொரு வீட்டிலும் கதவுகள் நிலையோடு பிடித்துக்கொண்டு நின்றன. சில வீடுகளில் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். ஒரு அறைக்குள் பீரோவும் சர்டிபிகேட்டுகளும் இருக்க, கதவைத் திறக்க முடியாமல் வெளியே நின்று அழுத அம்மாவை இன்றைக்கும் என் கண் முன்னால் பார்க்கிறேன். அந்த ஒரு வாரத்தில் ஒன்பது கதவுகளை இழைத்தேன். ஈர மரத்தில் இழைப்புளி சீராக ஓடாது. சீவல் சுருளாக வராமல் பஞ்சு மாதிரி பிய்ந்து வரும். மரம் அப்போதே என்னிடம் சொல்லியிருக்கிறது. அவசரத்தில் நான் கேட்கவில்லை. சில கதவுகளில் மூன்று நூல் வரை எடுத்தேன்.

அடுத்த கத்திரி வெயிலில் அந்த ஒன்பது வீட்டுக்கும் போய்ப் பார்த்தேன். கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைந்தது. தாழ்ப்பாள் நாக்கு நாதாங்கியை எட்டவில்லை. பல்லி போகும், கொசு போகும், உள்ளே படுத்திருப்பவர் வெளியே தெரிவார். ஒவ்வொரு கதவுக்கும் விளிம்பில் தேக்கு ரீப்பர் ஒட்டி, திருகி, மட்டம் செய்து கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. அவர்கள் கொடுக்கத்தான் செய்தார்கள், எனக்குக் கை நீளவில்லை.

வெள்ளத்தில் நனைந்த கதவுக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்பதை அதன் பிறகு பல வீடுகளில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். திறக்க முடிந்தால் கீலிலிருந்து கழற்றிவிட வேண்டும். திறக்க முடியாமல் கீல் வெளியே தெரிந்தால் கீல் பக்கமாகக் கழற்ற வேண்டும். சேற்றை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், காயவிட்டால் அது திருகுத் தலையிலும் பலகைக் காடியிலும் சிமென்ட் போலப் பிடித்துக்கொள்ளும். பிறகு நிழலில், காற்று இரண்டு பக்கமும் போகும்படி நிமிர்த்திச் சாய்க்க வேண்டும். வெயிலில் போட்டால் ஒரு முகம் சீக்கிரம் காய்ந்து கதவு முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய கதவை நேராக்குவது பெரும்பாடு. வாரக்கணக்கில் பொறுத்தால் தேக்கு பழைய அளவுக்கு ஏறக்குறைய வந்துவிடும். ஃப்ளஷ் கதவு அப்படி வராது. உள்ளே ஒட்டியிருக்கும் அடுக்குகள் பிரிந்து, அடிப்பக்கம் புத்தகம் மாதிரி விரிந்துவிடும். அதற்கு மாற்றுக் கதவுதான் வழி.

மரம் ஏன் ஊதுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய குழாய்கள் எல்லாம் மரத்தில் நீளவாக்கில் ஓடுகின்றன. வெட்டிய முனையில்தான் அவற்றின் வாய் திறந்திருக்கிறது. கதவில் அந்த முனைகள் எங்கே? நிமிர்ந்து நிற்கும் இரண்டு சட்டங்களின் உச்சியிலும் அடியிலும். பெயின்டர் பூசுவது கண்ணுக்குத் தெரியும் முன்பக்கமும் பின்பக்கமும். உச்சி விளிம்பு தலைக்கு மேலே இருக்கிறது, அடி விளிம்பு தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, யாரும் தொடுவதில்லை. ஒரு கைக்கண்ணாடியைக் கதவுக்கடியில் தரையோடு நகர்த்திப் பாருங்கள். பத்து வீட்டில் பார்த்தால் பெரும்பாலும் பச்சை மரம்தான் தெரியும். மழைக்காலக் காற்றிலிருக்கும் ஈரமும் தினமும் தரை துடைக்கும் தண்ணீரும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன. உள்ளே போன ஈரம் மரத்தை அகலவாக்கில் பெருக்குகிறது, நீளவாக்கில் அநேகமாகத் தொடுவதே இல்லை. அதனால் கதவு பக்கவாட்டில் இடிக்கிறது. உரசுவது பக்கத்தில், காரணம் உச்சியிலும் அடியிலும்.

நம் முன்னோர் செய்த சட்டப் பலகைக் கதவுக்குள் இருக்கும் அறிவை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும். நான்கு சட்டங்கள், துளையும் கழுந்துமாகப் பொருத்தி மூங்கில் முளை அடித்தது. நடுவில் இருக்கும் அகலப் பலகையை எதனோடும் ஒட்டவில்லை, ஆணி அடிக்கவில்லை. சட்டத்தில் எடுத்த காடிக்குள் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. மழையில் பெருத்தால் காடிக்குள் நகரும், வெயிலில் சிறுத்தால் பின்வாங்கும். கதவின் வெளி அளவில் அந்தப் பலகையின் ஏற்ற இறக்கம் தெரியவே தெரியாது, சட்டங்களின் அகலம் மட்டும்தான் கணக்கு. பலகை லேசாகக் கடகடக்கிறது என்றால் கதவு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு. மாடவீதிக்குப் பின்னால், திண்ணையை அடைத்து அறையாக்கியது. பூஜை அறைக் கதவின் பலகை மேலிருந்து கீழ்வரை நேர்கோடாகப் பிளந்திருந்தது. அந்த அம்மாவுக்கு எண்பது வயது இருக்கும். "என் மாமியார் காலத்துக் கதவு. எழுபது வருஷமா ஒண்ணும் ஆகலை. போன வருஷம் வந்து ஒருத்தர் சத்தம் போடுதுன்னு சரி பண்ணிக் குடுத்தாரு. அதுக்கப்புறம்தான் இப்படி" என்றார். குனிந்து பார்த்தேன். பலகையின் இரண்டு ஓரத்திலும் சட்டத்தோடு சேர்த்து ஆறு ஆறு ஆணி. காடி முழுக்க ஃபெவிகால். கோடையில் பலகை சுருங்கப் பார்த்திருக்கிறது, இரண்டு பக்கமும் கட்டிப்போட்டதால் நடுவில் கிழிந்துவிட்டது. ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, காடியில் பசையைச் சுரண்டி, பிளவில் மெல்லிய தேக்குச் சீவலை இறக்கி ஒட்டி, பலகையை மறுபடி விடுதலை செய்ய எனக்கு மூன்று நாள் ஆயிற்று. வேலை முடிந்ததும் அந்த அம்மா விரலால் பலகையைத் தட்டினார். கடகட என்றது. "ஆமா, இந்தச் சத்தம்தான்" என்றார்.

தலைவாசலைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது பக்தியைத் தொடுகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் படியைக் கழுவி மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கும் வீடுகளில்தான் நிலைக்காலின் பாதம் முதலில் உளுத்துப்போகிறது. மஞ்சள் மேல் குற்றமில்லை. நிலைக்கால் கல்லிலோ சிமென்டிலோ போய் நிற்கும் மூலையில் தண்ணீர் தேங்கி, வாரா வாரம் காயாமலே இருப்பதுதான் காரணம். கழுவியதும் ஒரு பழந்துணியால் அந்த இரண்டு மூலையையும் ஒற்றி எடுத்தால் போதும். மாவிலைத் தோரணத்துக்கு வருஷா வருஷம் புது ஆணி அடிப்பதும் வேண்டாம். மேல்படியின் இரண்டு ஓரத்திலும் சின்னப் பித்தளைக் கொக்கி ஒன்று போட்டுவிட்டால் அந்தத் தலைமுறைக்கே அது போதும். பழைய ஆணித் துளை ஒவ்வொன்றும் ஈரம் நுழையும் வாசல்.

ஈரம் இருக்கும் இடத்துக்குக் கறையான் வரும். திருப்புளியின் பிடியால் நிலைக்காலைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போவேன். நல்ல மரம் 'டக் டக்' என்று கெட்டியாகப் பேசும், தின்ற மரம் காலி டப்பா போல ஒலிக்கும். சுவரோரம் மண் கோடு தெரிந்தால் துடைத்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. கறையான் கூடு தரைக்கடியில் இருக்கிறது, மருந்து அங்கே போக வேண்டும். புது நிலை வைக்கிறபோது சுவருக்குள் மறையும் பக்கத்துக்குத் தார் பூசும் பழைய வழக்கத்தை இப்போது பலர் விட்டுவிட்டார்கள். அதை விடாதீர்கள் என்று கட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

துடைப்பது பற்றியும் கேட்கிறார்கள். வேலைப்பாடுள்ள கதவுக்குக் காய்ந்த பெயின்ட் பிரஷ்தான் நல்லது, மேலிருந்து கீழே தூசி தட்ட வேண்டும். ஈரத்துணி போடுவதென்றால் முழுக்கப் பிழிந்தது. பண்டிகைக்குத் தேங்காயெண்ணெயோ கடலை எண்ணெயோ தேய்ப்பவர்கள் உண்டு. இரண்டு நாள் பளபளக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பிடித்துக் கறுத்துப் பிசுபிசுவென்று ஆகும். பாலிஷ் இல்லாத தேக்குக்கு ஆளிவிதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து மெல்லியதாகத் தடவி, அரைமணி கழித்து மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றில் காயும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். நான் தொழில் பழகிய பட்டறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்படிப் புகைந்த மூட்டையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து அந்தத் துணிகளைத் தண்ணீரில் முக்கி, கொடியில் விரித்துக் காயப்போட்டுத்தான் எறிகிறேன்.

கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டாலும் அப்படித்தான், தூசி பிடித்துப் பிசுபிசுக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பழைய அழுக்கை எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் வருஷம் முழுக்கச் சத்தம் வராது. பூட்டுக்குள் எந்த எண்ணெயும் வேண்டாம். மெத்தென்ற பென்சில் முனையைச் சாவியின் பல்லில் தேய்த்து நாலைந்து தடவை விட்டு எடுத்தால் போதும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கனமான பித்தளை, இரும்புப் பூட்டுகளை இப்படிப் பராமரித்தே இரண்டு தலைமுறை புழங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கதவிலேயே பதித்த பூட்டு திருப்பவே முடியவில்லை என்று இரண்டாவது தடவையாகப் புதுப் பூட்டு வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார் ஒருவர். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். வெண்ணெய் மாதிரி திரும்பியது. மூடினால் திரும்பவில்லை. பூட்டில் ஒன்றுமில்லை, கதவு தொங்கியதால் பூட்டின் நாக்கு நிலையிலுள்ள தகட்டுத் துளைக்கு ஒரு நூல் கீழே போய் முட்டிக்கொண்டிருந்தது. மேல் கீலை இறுக்கினேன். புதுப் பூட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அலுமினியச் சறுக்கு ஜன்னல் என் தச்சு வேலை இல்லை. ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் அதையும் காட்டத்தான் செய்வார்கள். வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் மழை பெய்தால் ஜன்னலுக்குக் கீழே சுவர் முழுக்க ஈரம். மூன்று தடவை ஆள் வைத்து வெளிப்பக்கம் சிலிகான் அடித்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் ஈரம் அதிகமாகியிருக்கிறது. வெளியே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். தண்டவாளம் போலிருக்கும் கீழ்ச்சட்டத்தின் வெளிமுகத்தில் தண்ணீர் வடிவதற்கென்றே நீளவாக்கில் சிறு துளைகள் இருக்கும். அத்தனையையும் சிலிகானால் அடைத்திருந்தார்கள். மழைத்தண்ணீர் சட்டத்துக்குள் நிறைந்து, போக வழியில்லாமல் உட்பக்கம் வழிந்திருக்கிறது. பிளேடால் துளைகளைத் திறந்தேன். பழைய பல்தேய்க்கும் பிரஷால் மண்ணையும் தலைமுடியையும் செத்த ஈசலையும் வாரி எடுத்தேன். ஒரு மக் தண்ணீரைச் சட்டத்துக்குள் ஊற்றியதும் சரசரவென்று வெளியே வடிந்தது. அந்த வீட்டுப் பையன் இன்னொரு மக் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தான்.

கண்ணாடி துடைக்க வெயில் ஏறும் முன்பு நல்லது, சூடான கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் துடைக்கும் முன்பே காய்ந்து கோடு விடும். போர் தண்ணீர் பட்டு வெள்ளைப் புள்ளி படிந்திருந்தால் வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டிவைத்துத் துடைத்தால் கரையும். ஜன்னல் கம்பிக்குத் துருவைச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு பூசிய பிறகுதான் பெயின்ட். துருவின் மேலேயே பூசுவது காசைக் கரியாக்குவது.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது மட்டும் கவனம் வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பூசிய அடுக்குகளில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். உப்புத்தாளைக் காய்ந்தபடி தேய்க்காமல், வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்களும் பிள்ளைகளும் அன்றைக்கு அந்த வீட்டில் இருக்கவே வேண்டாம். இதைச் சொல்லி, ஒத்துக்கொள்ளாத இரண்டு வீட்டு வேலையை விட்டிருக்கிறேன்.

போன கார்த்திகையில் மாம்பலத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை கூப்பிட்டார். படுக்கையறைக் கதவு, தாழ்ப்பாள் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக உரசல். கீல்கள் மூன்றும் கெட்டியாக இருந்தன. கண்ணாடியை அடியில் விட்டுப் பார்த்தேன், பச்சை மரம். உச்சியில் விரலை வைத்தேன், சொரசொரவென்று அதுவும் அப்படியே. "மாசி வரைக்கும் கதவ ஒருக்களிச்சு வச்சுக்குங்கம்மா. இப்ப இழைச்சா கோடையில நீங்களே என்னைத் திட்டுவீங்க" என்றேன். அவருக்கு மனமில்லை. வேறு ஆளைக் கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மாசி பதினைந்து வாக்கில் போன் வந்தது. போனேன். கதவு தானாகவே சாத்திக்கொண்டது. நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் தடையில்லாமல் மேலிருந்து கீழ்வரை ஓடியது. கதவைக் கழற்றிக் கூடத்தில் இரண்டு செங்கல் மேல் படுக்க வைத்தேன். உச்சி விளிம்பையும் அடி விளிம்பையும் உப்புத்தாள் போட்டு, ஒரு பூச்சு பிரைமர் கொடுத்தேன். மரம் அதைத் தாகத்தோடு உறிஞ்சிக்கொண்டது. காய்ந்ததும் இன்னொரு பூச்சு, அதன் மேல் இரண்டு பூச்சு எனாமல். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். "இவ்வளவுதானா? இதுக்கா மூணு மாசம் காத்திருந்தோம்?" என்றார்.

"ஆமாம்மா" என்றேன். பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, உச்சி விளிம்பு காய்ந்த பிறகு அதன் ஓரத்தில் பென்சிலால் தேதியை எழுதினேன். அடுத்து யார் இந்தக் கதவைக் கழற்றினாலும், கடைசியாக எப்போது பூசினார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.